அம்மாவின் அறைக்கு ஒரு வானொலி



சென்ற ஆண்டு ரமலான் பிறப்பதற்கு ஒரு மாதம் இருக்கையில், எடமலைப்பட்டி புதூரில் உள்ள நம் வீட்டிற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. லெஸ்டர் நகரில் பணிபுரியும் நம் இளைய தம்பி, விடுப்பில் ஊர் திரும்பிய நண்பர் ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பியிருந்தான். கருநிறத்தில், கண்ணாடி போன்ற முகப்புடன், கையில் எடுத்தால் நல்ல கனமாக இருந்தது. உடன் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு ரிமோட், நான்கைந்து மொழிகளில் அச்சிட்ட கையேடு. அட்டைப் பெட்டியின் மேல் ‘டிஏபி பிளஸ் டிஜிட்டல் வானொலி’ என்று பொறித்திருந்தது. முன்னறையில் அவன் நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிக் கொடுத்த ரிசீவர் ஏற்கெனவே தொலைக்காட்சியோடு இணைந்து இருக்கிறது. இது இரண்டாம் அறைக்கு, அதாவது அம்மாவின் அறைக்கு.

அம்மாவுக்குக் கண்ணழுத்த நோய். வலக்கண்ணில் பார்வை முற்றிலும் இல்லை. இடக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும். குர்ஆனைக் கையில் எடுத்து ஓதுவது நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மனனமாக உள்ள சூராக்களை ஓதிக்கொள்கிறார்கள். மீதி நேரத்திற்கு அவர்களுக்குத் துணையாக இருந்தது தலைமாட்டில் கிடந்த ஒரு பழைய டிரான்சிஸ்டர். அது பழுதாகி, சரிசெய்து, மீண்டும் பழுதாகி, ஒருநாள் முற்றிலும் மௌனமாகிவிட்டது. “உதிரிப் பாகம் வருவதில்லை” என்று பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். இதைத் தொலைபேசியில் கேள்விப்பட்ட தம்பி, “அண்ணே, நீங்க ஒண்ணும் வாங்காதீங்க. நான் நல்ல டிஜிட்டல் ரேடியோவா அனுப்புறேன். இரைச்சலே இருக்காது” என்று சொல்லியிருந்தான்.

அன்று இஷாவுக்குப் பிறகு நம் மூத்த மகன் கையேட்டைப் பார்த்துப் பெட்டியை இணைத்தான். அம்மா கட்டிலில் அமர்ந்து காத்திருந்தார்கள். நிலையங்களைத் தேடும் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்து முழுமையடைந்தது. ‘நிலையங்கள்: 0’ என்று வந்தது. ஏரியல் கம்பியைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தேடினோம். மாடிக்கு எடுத்துச் சென்றும் தேடினோம். பூஜ்யம் மாறவில்லை. பண்பலைக்கு மாற்றியபோது 102.1 தெளிவாக ஒலித்தது. தனியார் நிலையங்களும் ஒலித்தன. எல்லாவற்றிலும் திரைப்படப் பாடல். அம்மா சிறிது நேரம் கேட்டுவிட்டு, “பெட்டி நல்லாருக்குப்பா, அணைச்சிடு” என்றார்கள்.

மறுநாள் தம்பி அழைத்தான். “அம்மா கேக்குறாங்களா அண்ணே?” என்று அவன் ஆவலோடு கேட்டபோது நாம், “கேக்குறாங்க, ரொம்ப நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டோம். அவன் செலவழித்த பணமும், அத்தனை தொலைவு அதைத் தூக்கி வந்தவரின் சிரமமும் கண்முன் நின்றன. ஒரு சொல்தானே என்று நினைத்தோம். அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர் சொல்கிறோம். முதலில், பூஜ்யம் ஏன் வந்தது என்பதை நம் வாசகக் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு இப்படிப் பெட்டி அனுப்புவது நம்மிடையே அரிதன்று.

டிஜிட்டல் வானொலி என்பது உலகம் முழுவதற்கும் ஒரே பொருளன்று. ஐரோப்பாவில் வழங்குவது டிஏபி என்னும் முறை. பிரிட்டனில் பிபிசி 1995இலேயே அதைத் தொடங்கியது. நார்வே நாடு 2017இல் தன் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து முற்றிலும் அகற்றி அதற்கே மாற்றிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பெருநகரங்களிலும் அது உண்டு. அதற்கென 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைப்பகுதியில் தனி ஒலிபரப்பிகள் வேண்டும். அத்தகைய ஒலிபரப்பி திருச்சியில் இல்லை. எனவே தம்பி அனுப்பிய பெட்டியில் பழுது எதுவுமில்லை. லெஸ்டரில் பல நிலையங்களை அள்ளித் தந்த அதே பெட்டி இங்கே வந்து வெற்றுக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

நம் நாடு தேர்ந்தெடுத்தது வேறொரு வழி. டிஆர்எம், அதாவது டிஜிட்டல் ரேடியோ மொண்டியால் என்னும் முறை அது. ஏற்கெனவே உள்ள மத்திய அலை, சிற்றலைப் பகுதிகளிலேயே இது இயங்கும்; பழைய ஒலிபரப்போடு சேர்த்தே டிஜிட்டல் ஒலியையும் அனுப்ப இயலும். அகில இந்திய வானொலி நாடெங்கும் 35 மத்திய அலை ஒலிபரப்பிகளை இம்முறைக்கு ஏற்றவையாக அமைத்தது. சென்னை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அப்பட்டியலில் உள்ள நம் பக்கத்து ஊர்கள். இதைப் படித்தபோது, அப்படியானால் இங்கேயே ஒரு டிஆர்எம் பெட்டி வாங்கிவிடலாமே என்ற எண்ணம் எழுந்தது. அதனால்தான் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பின் சிங்காரத்தோப்புப் பக்கம் போனோம்.

கடையில் நடந்தது சிறிது வேடிக்கையானது. “டிஜிட்டல் ரேடியோ வேண்டும்” என்றோம். விற்பனையாளர் இளைஞர், “இங்க இருக்கிறது எல்லாமே டிஜிட்டல்தான் பாய்” என்று வரிசையாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒளிரும் எண்கள். அலைவரிசையை முள்ளால் காட்டாமல் எண்ணால் காட்டினால் அதற்கு டிஜிட்டல் என்று கடைவீதியில் பெயர். பென்டிரைவ் செருகினால் அதற்கும் டிஜிட்டல். கைப்பேசியைக் கம்பியின்றி இணைத்தால் அதுவும் டிஜிட்டல். உள்ளே வந்து சேர்வதோ பழைய அலைதான். நாம் டிஆர்எம் என்று எழுதிக் காட்டியதும் அவர் உள்ளே சென்று முதலாளியை அழைத்து வந்தார். அவர் நேர்மையானவர். “அது கார்ல வருது ஹஜ்ரத். வீட்டுக்கு வைக்கிற பெட்டி நம்மகிட்ட யாரும் கேக்குறதும் இல்ல, வர்றதும் இல்ல” என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது உண்மை. இந்தியாவில் விற்கும் கார்கள் பலவற்றில் டிஆர்எம் ஏற்பி தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வருகிறது. நம் தெருவில் உள்ள சகோதரர் ஒருவரின் காரிலும் அது இருந்தது. நாம் கேட்ட பிறகே அப்படி ஒரு பொத்தான் இருப்பதை அவர் கவனித்தார். வீட்டுக்கான பெட்டிகளோ மிகச் சில. அவையும் விலை உயர்ந்தவை, கடைவீதியில் கிடைக்காதவை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் டிஜிட்டல் வானொலி குறித்துப் பரிந்துரைகள் அளித்தது. ஆயினும் இத்தனை ஆண்டுகளில் ஒரு மூதாட்டியின் தலைமாட்டில் வைக்கத்தக்க மலிவான பெட்டி வந்து சேரவில்லை என்பது நமக்கு வருத்தமே. ஒலிபரப்பிக்குச் செலவழித்தவர்கள் கேட்பவரின் கைக்கு என்ன போய்ச் சேரும் என்பதையும் உடன் எண்ணியிருக்க வேண்டும்.

அத்தனை பிடிவாதமாகத் திருச்சி வானொலியையே ஏன் தேட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்காக இருந்த வானொலி நிலையங்கள் ஆறே ஆறு. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, அவற்றோடு நம் திருச்சி. மறைந்த நம் அத்தா பாபநாசம் பக்கம் குத்தகை நிலம் பார்த்தவர்கள். ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லை அவர்கள் ஒருநாளும் அந்தப் பெயரால் சொல்லியதில்லை. ‘ரேடியோ நெல்’ என்றுதான் சொல்வார்கள். அறுபதுகளில் திருச்சி வானொலியின் வேளாண்மை ஒலிபரப்பைக் கேட்டு டெல்டா உழவர்கள் அதைப் பயிரிட்டதால் வந்த பெயர் அது. அம்மாவின் ஊரோ கடலோரத்துக் கோட்டைப்பட்டினம். அங்கே இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சைப் போலக் கேட்குமாம். அதன் முஸ்லிம் நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், திருமணமாகி வந்த பிறகு திருச்சிக்குப் பழகிக்கொண்டார்கள். இரு நிலையங்களும் அவர்களுக்கு மத்திய அலையில் வந்தவை. திருச்சியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். தம்பி அனுப்பிய பெட்டியிலோ டிஏபி உண்டு, பண்பலை உண்டு, மத்திய அலை அறவே இல்லை. புதிய பெட்டிகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள்.

கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பிறகு, இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா என்று பார்த்தோம். முன்னறை ரிசீவரின் பின்புறத்தில் ‘ஸோன் 2’ என்று இரண்டு இணைப்புகள் உண்டு. ஒரே ரிசீவரைக் கொண்டு இரண்டாம் அறையிலும் ஒலி கேட்பதற்கான வசதி அது. இதே ஏற்பாட்டை நினைப்பவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறோம். ‘ஸ்பீக்கர் ஏ, பி’ என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு அறைகளிலும் ஒரே ஒலிதான் கேட்கும். ‘ஸோன் 2’ இருந்தால் முன்னறையில் ஒன்றும் உள்ளறையில் வேறொன்றும் ஒலிக்கச் செய்யலாம். ஆனால் பல ரிசீவர்களில் எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலி இரண்டாம் அறைக்குப் போவதில்லை. வானொலியும் சாதாரண ஒலிக் கம்பிவழி வருபவையும் மட்டுமே போகும். ஸ்பீக்கர்களின் ஓம் அளவையும் பார்க்க வேண்டும். ஏ, பி இரண்டையும் ஒருசேர இயக்கும்போது 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு இணைந்தால் ரிசீவருக்கு 4 ஓமாகவே தெரியும். 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு என்றால் 2 ஓம். அந்தச் சுமையைச் சாதாரண ரிசீவர் தாங்காது.

நம் ரிசீவரில் மத்திய அலையும் இருந்தது. பழைய பொருளின் நன்மை. பத்து மீட்டர் ஸ்பீக்கர் கம்பி வாங்கிச் சுவரோரமாக ஓட்டி, அம்மாவின் அறையில் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்தோம். 936 ஒலித்தது. இரைச்சல் சற்று அதிகம்; எனினும் குரல் தெளிவு. அம்மாவின் முகம் மலர்ந்ததைக் கண்டோம். பணி முடிந்தது என்று எண்ணி மதரஸாவுக்குக் கிளம்பிவிட்டோம்.

மூன்றாம் நாள்தான் குறை தெரிந்தது. அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சு, செய்தி, வேளாண்மை, நாடகம் எல்லாவற்றையும் கேட்பார்கள். பாட்டு வந்தால் ஒலியைக் குறைத்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை எடுப்பார்கள். பாங்கு கேட்டால் முற்றிலும் அணைப்பார்கள். பழைய டிரான்சிஸ்டரின் குமிழ் அவர்கள் விரல்நுனியில் இருந்தவரை இது ஒருவருக்கும் தெரியாமல் நடந்துவந்தது. இப்போது குமிழ் முன்னறையில். பாட்டு வரும்போதெல்லாம் மருமகளைக் கூப்பிட வேண்டும். பாங்கு ஒலிக்கும்போது பேரனைக் கூப்பிட வேண்டும். அடுப்படியில் வேலையாக இருப்பவர் ஒவ்வொரு முறையும் ஓடிவர இயலுமா? ஒருநாள் மகன் முன்னறையில் கிரிக்கெட் வர்ணனைக்கு மாற்றும்போது எந்தப் பொத்தானை அழுத்தினானோ, உள்ளறையிலும் கிரிக்கெட் முழங்கியது. அரைமணி நேரம் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். நாம் வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “கூப்பிட்டுக்கிட்டே இருந்தா சங்கடப்படுவாங்கல்ல” என்றார்கள்.

கைப்பேசிச் செயலியையும் முயன்றோம். ‘நியூஸ் ஆன் ஏஐஆர்’ என்னும் வானொலிச் செயலியில் நாட்டின் பல நிலையங்களோடு திருச்சியும் வருகிறது. அதைப் புளூடூத் வழியாகத் தம்பி அனுப்பிய பெட்டியில் ஒலிக்கச் செய்தால் இரைச்சல் துளியும் இல்லை. கேட்க மிக இனிமை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்கள் திருச்சியைக் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வோம். ஆனால் மகன் பள்ளிக்குப் போனால் கைப்பேசியும் தொலைவு போகிறது. அம்மாவுக்கென்று ஒரு கைப்பேசியை ஒதுக்கினாலும், தொட்டால் நகரும் கண்ணாடித் திரையில் பார்வையற்ற விரல் எதைத் தேடும்? கண் தெரிந்த நமக்கே அந்தப் பெட்டியில் வானொலிக்குப் போக மூன்று அடுக்குப் பட்டியல்களைத் திறக்க வேண்டியிருந்தது.

பள்ளிவாசலில் ஒரு சகோதரர் நல்லெண்ணத்தோடு, “குர்ஆன் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்துவிடுங்களேன், நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்” என்றார். அந்த யோசனை நமக்கு ஒப்பவில்லை. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அறையில் ஆளில்லாதபோதும், பாத்திரம் கழுவும்போதும், பிள்ளைகள் சண்டையிடும்போதும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கண்ணியத்திற்கு உகந்ததா என்று ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்க்கலாம். அம்மா ஓதலைக் கேட்க விரும்பும் நேரத்தில் பேரன் அருகில் அமர்ந்து ஓதுகிறான். பிழை வந்தால் அம்மா திருத்துகிறார்கள். அதற்கு ஒரு ஸ்பீக்கர் ஈடாகாது.

இப்படி இருக்கையில், ரமலானுக்கு எட்டு நாள் முன்பு தம்பி மீண்டும் அழைத்தான். குரலில் உற்சாகம். “அண்ணே, இங்க நம்ம பள்ளியில மூணு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஒருத்தருக்குப் பழனி, ஒருத்தருக்குப் பள்ளப்பட்டி, இன்னொருத்தருக்குத் திருச்சியேதான். எல்லாரும் அவங்கவங்க அம்மா, அத்தாவுக்கு இதே பெட்டி வாங்கி அனுப்பப் போறாங்க. நல்லா எடுக்குதுன்னு நீங்க சொன்னதத்தான் சொன்னேன்” என்றான்.

நமக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அப்போதும் உடனே சொல்ல நாவெழவில்லை. “சரிப்பா, பேசுறேன்” என்று வைத்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அம்மா கதவருகில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசியதால் எல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

“அது எடுக்குதுன்னா சொன்னே?”

நாம் மௌனமாக நின்றோம்.

“அவன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பே. இப்ப மூணு வீட்டுக் காசு போகப்போகுது. மதரஸாவுல பிள்ளைங்களுக்கு என்னத்தப்பா சொல்லிக் கொடுக்கிறே?” என்று கேட்டுவிட்டு, மெல்லத் தடவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்கள்.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு அந்த இரவு உறக்கம் வரவில்லை. அன்பளிப்பை ஏற்று நன்றி சொல்வது மார்க்கம் கற்பித்த பண்பு. நன்றி சொல்வதும் இல்லாததைச் சொல்வதும் வேறு வேறு என்பதை நாமே வகுப்பில் விளக்கியிருக்கிறோம். தம்பியின் மனத்தைக் காப்பதாக எண்ணி உண்மையில் காத்துக்கொண்டது நம்மைத்தான்; ஒரு சங்கடமான உரையாடலிலிருந்து.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், அங்கே அவன் வேலைக்குக் கிளம்பும் முன் பிடித்துவிட வேண்டும் என்று அழைத்தோம். பூஜ்யம் வந்ததிலிருந்து கிரிக்கெட் வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. அன்று மாலையே மூன்று பேரிடமும் சொல்லிவிட்டான். ஒருவர் மட்டும் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார். நல்லவேளை, பிரிக்காத பெட்டி என்பதால் கடையில் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். அல்ஹம்துலில்லாஹ்.

அதன் பின் அண்ணன் தம்பி இருவருமாகப் பேசி முடிவெடுத்தோம். இந்த முறை பெட்டியிலிருந்து தொடங்காமல் அம்மாவிடமிருந்து தொடங்கினோம். என்ன வேண்டும் என்று முதன்முறையாக அவர்களிடமே கேட்டோம். திருச்சி எடுக்க வேண்டும். இரவில் முடிந்தால் இலங்கை எடுக்க வேண்டும். அணைப்பதும் கூட்டுவதும் ஒரே குமிழில் இருக்க வேண்டும். அணையும்போது ‘டக்’ என்று விரலுக்குத் தெரிய வேண்டும். மின்சாரம் போனாலும் பாட வேண்டும். இவ்வளவுதான் அம்மா சொன்னவை. இத்தனையும் உள்ள ஒரு சாதாரணப் பெட்டி, மத்திய அலையும் பண்பலையும் கொண்டது, முள் நகரும் வகை, மின்சாரத்திலும் பேட்டரியிலும் இயங்குவது, பெரிய கடைவீதிப் பக்கம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. தம்பிதான் பணம் அனுப்பினான். அதில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

எண் காட்டும் வகை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அமெரிக்காவில் அது 10. அங்கிருந்து வரும் பெட்டி 930இலிருந்து 940க்குத் தாவிவிடும், 936இல் நிற்காது. சிலவற்றில் 9க்கு மாற்றும் வசதி உண்டு, சிலவற்றில் இல்லை. அங்குள்ள மின்சாரமும் 120 வோல்ட். இங்கே 230இல் நேராகச் செருகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய பெட்டியை முதலில் பழைய இடத்தில், கட்டிலின் தலைமாட்டில் வைத்தோம். கடுமையான இரைச்சல். பெட்டிதான் சரியில்லையோ என்று மனம் நொந்தோம். பிறகு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தலைக்கு மேல் இருந்த எல்இடி விளக்கு ஒன்று. சுவரில் செருகியே கிடந்த கைப்பேசி சார்ஜர் மற்றொன்று. மத்திய அலையைக் கெடுப்பதில் இவை இரண்டும் கைதேர்ந்தவை. விளக்கை வேறு தயாரிப்புக்கு மாற்றினோம், சார்ஜரை முன்னறைக்கு அனுப்பினோம், பெட்டியைச் சன்னலோரம் வைத்தோம். பாதி இரைச்சல் அடங்கியது.

மீதியை அடக்கியது அம்மா. மத்திய அலைக்கான ஏரியல் பெட்டிக்கு உள்ளேயே ஒரு கருநிறக் கம்பியாகக் கிடக்கும். அதன் நீளவாட்டுப் பக்கம் ஒலிபரப்பியை நோக்கி இருந்தால் நன்றாக எடுக்கும், முனை நோக்கினால் மங்கிவிடும். இதை நாம் படித்துத் தெரிந்துகொண்டோம். அம்மா படிக்கவில்லை. பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பி, காதாலேயே ஓரிடத்தில் நிறுத்தி, “இங்கதான் நிக்கணும், யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அந்தக் கோணம் மாறாமலிருக்க மேசைமேல் இரண்டு சிறு மரத்துண்டுகளை ஒட்டி வைத்தோம். 936 வரும் இடத்தில் குமிழின் விளிம்பிலும் பெட்டியிலும் எம்சீல் கொண்டு இரண்டு சிறு மேடுகள் வைத்தோம். இரண்டு மேடுகளும் நேருக்கு நேர் வந்தால் திருச்சி.

தம்பி அனுப்பிய பெட்டி முன்னறையில் இருக்கிறது. அதை விற்க மனம் வரவில்லை. சும்மா வைப்பது வீண்விரயம். கைப்பேசியிலிருந்து பயான் கேட்கவும், மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கிராஅத் பாடம் நடக்கும்போது தேர்ந்த ஓதல்களைக் கேட்கச் செய்யவும் அது மிக நன்றாகப் பயன்படுகிறது. அதன் ஒலித் தெளிவுக்கு அம்மாவின் பெட்டி அருகில் வர இயலாது. பழைய ரிசீவரின் ஸோன் 2 கம்பிகளை மட்டும் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டோம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அடுத்த வீட்டில் இருப்பதால் இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு அறைகளிலும் ஒலி கதவைத் தாண்டுவதில்லை.

ரமலானில் ஒருநாள் சஹர் நேரத்தில் தம்பி காணொளியில் அழைத்தான். அங்கே அவனுக்கு நள்ளிரவு. அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்தோம். பின்னால் வானொலி தாழ்ந்த குரலில் இரைந்துகொண்டிருந்தது; அந்நேரத்தில் திருச்சி இல்லை, ஏதோ தொலைதூர நிலையம், அலை உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தது.

“அதென்னம்மா சத்தம், மழையா?” என்று கேட்டான்.

“மழையில்லப்பா. நான் தேடிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அம்மா கையை நீட்டிக் குமிழைத் தாமே குறைத்தார்கள்.